கொரிய ராம்யன் பாக்கெட்: தண்ணீர் அளவும் நாலரை நிமிடமும்

பாக்கெட் நூடுல்ஸைக் கையில் எடுத்ததும் நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமாக வருவது மேகி முறைதான். தம்ளரில் கொஞ்சம் தண்ணீர், மசாலா, நூடுல்ஸ், பிறகு தண்ணீர் சுண்டும்வரை கிளறல். மேகிக்கு அது சரி. கொரிய ராம்யனை அப்படிச் செய்தால் பாழ். அது சூப்போடு சாப்பிடும் நூடுல்ஸ். பாக்கெட்டில் இருக்கும் உப்பும் காரமும் அரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீருக்குக் கணக்குப் பார்த்துப் போடப்பட்டவை. சுண்டவிட்டால் உப்புக் கரிக்கும், காரம் தொண்டையைப் பிடிக்கும், நூடுல்ஸ் கூழாகும். ‘இதை எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ’ என்று பாதியில் கிண்ணத்தை ஒதுக்குபவர்களில் பெரும்பாலானோர் தண்ணீரில்தான் தவறு செய்திருப்பார்கள்.

இங்கே அளவுகள் எல்லாம் 120 கிராம் எடையுள்ள சாதாரண சூப் ராம்யனுக்கு: ஷின் ராம்யன், ஜின் ராமென் போன்றவை. தண்ணீரை வடித்துச் சாஸில் பிரட்டும் வகையும், ஜப்பானியப் பாக்கெட்டும் பின்னால் வருகின்றன. எதுவாக இருந்தாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். அங்கே போட்டிருக்கும் மில்லிலிட்டரும் நிமிடமும் அந்த நூடுல்ஸின் தடிமனை வைத்துச் சொன்னவை. ஒரு பாக்கெட்டின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பாக்கெட்டுக்குள் இருப்பது ஏற்கெனவே வெந்த நூடுல்ஸ்

இது புரிந்தால் மீதி எல்லாம் எளிது. மாவைப் பிசைந்து, தகடாக்கி, இழைகளாக வெட்டி, சுருளாக்கி, முதலில் ஆவியில் வேகவைக்கிறார்கள். நம் இடியாப்பம் போல அங்கேயே அது வெந்துவிடுகிறது. பிறகு 140 முதல் 160 டிகிரி செல்சியஸ் சூடுள்ள எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் பொரிக்கிறார்கள். மாவில் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே பாய்கிறது; போன வழியெல்லாம் நுண்ணிய துளைகள் நிற்கின்றன. கொதிநீரில் போடும்போது அந்தத் துளைகள் வழியாகவே தண்ணீர் திரும்ப உள்ளே ஏறுகிறது. ஜப்பானில் ஒசாகா பக்கம் இகெதா ஊரில், மொமோஃபுகு ஆண்டோ தன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் கண்டுபிடித்த முறை இது. 1958 ஆகஸ்ட் 25 அன்று அவருடைய நிறுவனம் (அதே ஆண்டு பிற்பாடு நிசின் என்று பெயர் மாறியது) சிக்கன் ராமென் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொரியாவுக்கு 1963இல் சம்யாங் நிறுவனம் மூலம் வந்தது. 1986இல் நோங்ஷிம் என்ற இன்னொரு கொரிய நிறுவனம் ஷின் ராம்யனைக் கொண்டுவந்தது.

ஆக, நீங்கள் அடுப்பில் செய்வது வேகவைப்பு என்பதைவிட நனைப்பு. அரிசி போல, பருப்பு போல இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று விட்டால் இழை உறிஞ்சிக்கொண்டே போகும். கிண்ணத்துக்கு மாற்றிய பிறகும் அது நிற்பதில்லை. சாப்பிட உட்காரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, முழுசாகப் பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை அணைக்க வேண்டும்.

நூடுல்ஸ்மேல் மெழுகு பூசியிருக்கிறார்கள், அதனால் முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று ஒரு பேச்சு நீண்ட காலமாகச் சுற்றுகிறது. மெழுகு எதுவும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் பளபளப்பு, பொரித்த எண்ணெய். மொத்த நூடுல்ஸ் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கும். அதைக் குறைக்க விரும்பினால், நூடுல்ஸை வேறொரு பாத்திரத்தில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, தயாராகக் கொதிக்கும் சூப்பில் போட்டு மீதி நேரம் வேகவிடலாம். ஆனால் அந்த எண்ணெயும் இழையிலிருந்து கசியும் மாவுச்சத்தும்தான் சாறுக்கு உடம்பு தருபவை. வடித்துவிட்டால் சாறு வெறும் காரத் தண்ணீராக நிற்கும். இது தெரிந்து செய்தால் சரி.

பாத்திரமும் தண்ணீரும்

கொரிய வீடுகளில் ராம்யனுக்கென்றே மஞ்சள் நிறத்தில் மெல்லிய அலுமினியப் பாத்திரம் ஒன்று இருக்கும். மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் சட்டென்று கொதிக்கும். நூடுல்ஸ் போட்டதும் அடங்கிய கொதி உடனே திரும்பும். அடுப்பை அணைத்ததும் சூடு தணியும். நம்மிடம் பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரம் இந்த வேலையை நன்றாகச் செய்யும். விட்டம் 16 முதல் 18 செ.மீ., கொள்ளளவு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல். குக்கர், அடிகனமான கடாய், மண்சட்டி இவை அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். உள்ளே நூடுல்ஸ் ஊறிப்போகும். மண்சட்டியில்தான் பரிமாற வேண்டும் என்றால் ஒரு நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள்.

அகலமான வாணலி கூடாது. அதில் 550 மி.லி. தண்ணீர் ஒரு விரல் கணுவளவுகூட நிற்காது. நூடுல்ஸ் கட்டியின் மேல்பாதி வெளியே காயும், கீழ்ப்பாதி குழையும்.

தண்ணீர் 550 மி.லி. இதைக் கண்ணால் பார்த்து ஊற்றாதீர்கள். வீட்டுத் தம்ளர்கள் 150 முதல் 300 மி.லி. வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கும். அளவுக் கோப்பை இல்லையென்றால், கடையில் வாங்கும் 500 மி.லி. தண்ணீர் பாட்டிலில் ஒரு முழு பாட்டில், கூடவே மூன்று மேசைக்கரண்டியும் சிறிதும். ஒருமுறை அப்படி அளந்து உங்கள் பாத்திரத்தில் எந்த மட்டம் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த தடவை அளக்கத் தேவையில்லை.

இந்த 550 எங்கே போகிறது? வீட்டு எரிவாயு அடுப்பில் முழுத் தீயில் கொதிக்கும்போது நிமிடத்துக்கு 25 முதல் 30 மி.லி. வரை ஆவியாகும். நாலரை நிமிடத்தில் 120 மி.லி. சுமார். நூடுல்ஸ் தன் எடைக்கு மேல் குடிக்கும். கிண்ணத்தில் சாறாக மிஞ்சுவது ஒன்றேகால் தம்ளர்தான். 50 மி.லி. குறைந்தாலும் கூடினாலும் நாக்குக்குத் தெரிகிறது என்றால் இதனால்தான்.

இரண்டு பாக்கெட்டுக்கு 1,100 மி.லி. ஊற்றினால் சாறு நீர்த்துவிடும். தீ அதேதான், ஆவியாவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அது இரட்டிப்பாவதில்லை. இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், மூன்றுக்கு 1,400 மி.லி. போதும். மூன்றுக்கு மேல் ஒரே பாத்திரத்தில் வேண்டாம். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், கொதி அடங்கி மீண்டு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அந்த நேரம் முழுக்க நூடுல்ஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி வெளியே பிசுபிசுத்து உள்ளே விறைத்து நிற்கும். ஐந்து பேருக்கு என்றால் இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம்.

ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு திருத்தம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதேதான். பாக்கெட்டில் சொன்ன நேரத்தோடு ஒரு நிமிடம் கூட்டி, தண்ணீரிலும் இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள்.

அடுப்பில்

பச்சைத் தண்ணீரிலேயே காய்ந்த காய்கறிப் பொட்டலத்தைக் கொட்டுங்கள். காளான், கேரட், வெங்காயத்தாள் துணுக்குகள் அதில் இருக்கும். அவை ஊறிப் பிரிய நூடுல்ஸைவிட நேரம் பிடிக்கும். கொதித்த பிறகு போட்டால் கடைசிவரை காளான் துணுக்கு தோல் மாதிரி இழுக்கும்.

சூப்புப் பொடியை முதலில் போடுவதா, நூடுல்ஸுக்குப் பிறகு போடுவதா என்பது கொரியாவில் ஓயாத வாதம். பொடி போட்டால் தண்ணீர் இன்னும் அதிக வெப்பத்தில் கொதிக்கும், நூடுல்ஸ் சீக்கிரம் வெந்து திடமாக இருக்கும் என்பது ஒரு கட்சி. உப்பால் கொதிநிலை உயர்வது உண்மைதான். ஆனால் ஒரு பாக்கெட் உப்பு அரை லிட்டர் தண்ணீரில் உயர்த்துவது ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு. அதனால் நூடுல்ஸுக்கு எதுவும் ஆவதில்லை. இருந்தாலும் பொடியை முதலில் போடுவதே நல்லது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: நூடுல்ஸ் தண்ணீர் குடிக்கும்போது உப்பும் ருசியும் கலந்த தண்ணீரைக் குடிக்கிறது. பிறகு போட்டால் சாறு காரமாகவும் இழை சப்பென்றும் இருக்கும்.

ஆனால் துள்ளிக் கொதிக்கும் தண்ணீரில் பொடியைக் கொட்டவே கூடாது. ஒவ்வொரு பொடித் துகளைச் சுற்றியும் ஒரே நேரத்தில் குமிழிகள் கிளம்பி, பால் பொங்குவதுபோல நுரை அடுப்பில் வழியும். மிளகாய்ப் பொடி ஆவியோடு எழும்பி வீடே இருமும். தண்ணீர் ஓரத்தில் சின்னக் குமிழி கட்டும் நேரத்தில், கொதிக்குமுன், பொடியைப் போட்டுக் கலக்கிவிடுங்கள். மறந்து கொதித்துவிட்டால் தீயைக் குறைத்து, கொதி அடங்கியதும் போடுங்கள்.

நன்றாகத் தளதளவென்று கொதி வந்ததும் நூடுல்ஸ் கட்டியை முழுசாக இறக்குங்கள். உடைக்கத் தேவையில்லை. பாத்திரம் குறுகலாக இருந்தால் இரண்டாக உடைக்கலாம். நொறுக்கினால் கரண்டியில் அள்ளும் கஞ்சியாகிவிடும். கட்டி விழுந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள்: நாலரை நிமிடம் மொத்தம். தீ முழு அளவில், மூடி இல்லாமல். மூடினால் மாவுச்சத்து நுரைத்து வழியும்.

முதல் ஒரு நிமிடம் கட்டியைத் தொடாதீர்கள். பலரும் இந்த இடத்தில் கரண்டியால் குத்திப் பிரிக்கப் பார்க்கிறார்கள். நனையாத இழை ஒடியும். ஒரு நிமிடம் கழித்துக் கட்டியைப் புரட்டிவிட்டு இன்னும் அரை நிமிடம் விடுங்கள். சாப்ஸ்டிக்கோ முட்கரண்டியோ நடுவில் விட்டு லேசாக அசைத்தால் தானாக விரிந்துவிடும்.

இரண்டாவது நிமிடத்திலிருந்து நூடுல்ஸைக் கொத்தாகத் தூக்கி, காற்றுப்பட இரண்டு மூன்று நொடி பிடித்து, திரும்ப விடுங்கள். இப்படி நாலைந்து தடவை. கொரிய வீட்டுச் சமையலில் இதை விடவே மாட்டார்கள். காபியை ஆற்றுவது போன்ற வேலைதான்: வெளிப்பரப்பு சட்டென்று குளிர்ந்து இறுகும், உட்பகுதி தொடர்ந்து ஊறும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. சொத சொதவென்று ஆகாமல் கடிக்கும்போது துள்ளும் நூடுல்ஸ் வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்.

நான்கு நிமிடம் ஆனதும் ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் மிக மெல்லிய வெள்ளைப் புள்ளி தெரிந்து, பல்லில் சற்று எதிர்ப்பு இருந்தால் அதுதான் இறக்கும் பதம். வாய்க்குப் போவதற்குள் அந்தப் புள்ளி காணாமல் போகும். மென்மையாகத்தான் பிடிக்கும் என்றால் பாக்கெட்டில் உள்ள நேரம் முழுவதும் விடுங்கள். அதைத் தாண்டினால் எதைச் செய்தும் திருத்த முடியாது.

முட்டை

முட்டையில் இரண்டு வழி. இரண்டும் வேறு வேறு சூப்பைத் தரும்.

சாறு தெளிவாக, காரம் குறையாமல் வேண்டுமென்றால்: நூடுல்ஸ் இறக்க ஒன்றரை நிமிடம் இருக்கும்போது, நூடுல்ஸை ஓரமாக ஒதுக்கிச் சின்னக் குழி செய்து, முட்டையை உடைத்து அதில் இறக்கி, கலக்காமல் விடுங்கள். தீயை நடுத்தரமாகக் குறையுங்கள். முழுத் தீயில் வெள்ளைக்கரு சிதறி நூலாகிவிடும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் மூடி வைத்தால் வெள்ளைக்கரு கட்டி, மஞ்சள்கரு இளகலாக நிற்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இளகல் மஞ்சள்கரு வேண்டாம். முட்டையை நூடுல்ஸோடு கூடவே ஆரம்பத்திலேயே போட்டு முழுதாக வேகவிடுங்கள்.

காரம் தணிந்து சாறு கொழகொழவென்று வேண்டுமென்றால்: முட்டையைத் தனியாக அடித்து, கடைசி அரை நிமிடத்தில் மெல்லிய தாரையாகச் சுற்றி ஊற்றி, பத்து நொடி தொடாமல் இருந்து, ஒரே ஒரு தடவை கிளறி அணையுங்கள். ஊற்றிய உடனே கலக்கினால் சாறு கலங்கி, சேறு நிறத்தில் திட்டுத்திட்டாக நிற்கும், முட்டை வாடையும் தூக்கலாக வரும். முதல் தடவை ஷின் ராம்யன் சாப்பிடுபவருக்கு, ஆந்திரக் காரம் பழகியவராக இருந்தாலும், இந்த வழி நல்லது. கொரிய மிளகாயின் காரம் நம் குண்டூர் மிளகாய் மாதிரி நாக்கில் அடித்துப் போகாது. சூடான சாறோடு தொண்டையில் இறங்கி அங்கேயே தங்கும்.

கூடச் சேர்ப்பவை

வெங்காயத்தாள் ஒன்று போதும், மீதி எல்லாம் விருப்பம். வெள்ளைத் தண்டைத் தண்ணீரோடு, பச்சைத் தாளைக் கடைசிப் பத்து நொடியில். கொஞ்சம் கூடுதல் வேலை செய்யத் தயார் என்றால் கொரியர்கள் செய்யும் தாள் எண்ணெய் முறையைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அல்லாத ஏதாவது வாசனையற்ற எண்ணெயில், இரண்டு வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் ஒரு பல் பூண்டையும் நறுக்கிப் போட்டு, மெல்லிய தீயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிட்டு அரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டுக் கிளறி, உடனே தண்ணீரை ஊற்றுங்கள். அடுப்பு எரியும்போதே தூளைப் போட்டால் ஐந்து நொடியில் கருகிச் சாறு முழுதும் கசக்கும். இப்படி ஆரம்பித்த ராம்யன் கடையில் வாங்கிய பாக்கெட் என்று நம்ப முடியாத மணத்தோடு வரும்.

காய்களில் எதை எப்போது போடுவது என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. மெல்லியதாகச் சீவிய கேரட், காளான் தண்ணீரோடு. முட்டைக்கோஸ் நூடுல்ஸோடு. முளைகட்டிய பயறு கடைசி ஒரு நிமிடம். கீரை கடைசி இருபது நொடி. காளானும் கோஸும் தண்ணீர் விடும். ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் தண்ணீரில் 50 மி.லி. குறைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் இருந்த பட்டாணியையும் இறாலையும் நேராகக் கொதியில் போட்டால் கொதி அடங்கிவிடும். முன்பே பச்சைத் தண்ணீரில் போட்டுப் பனி விடவையுங்கள்.

கிம்ச்சி, அதாவது கொரியர்களின் புளிக்கவைத்த கோஸ் ஊறுகாய், இருந்தால் நன்கு புளித்ததை எடுத்து, பாதியைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, மீதியைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடலாம். கொதிக்கவிடும் கிம்ச்சியிலும் உப்பு இருக்கிறது, அதனால் சூப்புப் பொடியில் கால் பங்கைக் குறையுங்கள். சீஸ் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு மேலே ஒரு துண்டு வைத்தால் போதும். பால் சேர்ப்பவர்கள் மொத்த அளவில் 150 மி.லி. பாலாக வைத்துக்கொண்டு, அதைக் கடைசி ஒரு நிமிடத்தில், தீயைக் குறைத்த பிறகு ஊற்றுங்கள். ஆரம்பத்திலேயே பால் ஊற்றினால் அடிபிடிக்கும், பொங்கும், கிம்ச்சி இருந்தால் திரியும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கொரிய ராம்யன் பொடிகள் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறையோ கடல் உணவையோ அடிப்படையாகக் கொண்டவை. பாக்கெட் முகப்பில் இறைச்சிப் படம் இல்லை என்பதை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் சைவ வகையும் அசைவ வகையும் கிடைக்கின்றன. பச்சைக் குறியைப் பார்த்து வாங்குங்கள்; இறக்குமதிப் பாக்கெட்டில் அது பின்னால் ஒட்டிய தாளில் இருக்கும்.

உப்பு

ஒரு பாக்கெட் கொரிய ராம்யனில் சோடியம் 1,700, 1,800 மில்லிகிராமைத் தொடும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக ஒரு கிண்ணத்தைச் சாறு மிச்சமில்லாமல் குடித்தால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

குறைக்கத் தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை. முழுச் சாறையும் குடித்தால் உப்பு அதேதான் உள்ளே போகும். பொடியில் முக்கால் பங்கு மட்டும் போட்டு, தண்ணீரை 500 மி.லி. ஆக்கி, குறைந்த ருசியைப் பூண்டாலும் காளானாலும் கடைசியில் சில துளி நல்லெண்ணெயாலும் ஈடுகட்டுங்கள். சாறைப் பாதியில் நிறுத்துங்கள். மிஞ்சிய பொடியை ஈரம் படாத சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். சென்னைக் காற்றில் பிரித்த பொட்டலம் இரண்டே நாளில் கல்லாகும். முட்டைப் பொரியலுக்கும் வறுத்த சோற்றுக்கும் அந்தப் பொடி நன்றாக இருக்கும்.

சாறில்லாத வகை

புல்டாக், சாபகெட்டி போன்றவை 140 கிராம் பாக்கெட்டில், சாஸ் அல்லது பொடியில் பிரட்டிச் சாப்பிடுபவை. இழை தடிமன். 600 மி.லி. தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, எட்டு மேசைக்கரண்டி, அதாவது 120 மி.லி., தண்ணீரை மட்டும் நிறுத்தி மீதியை வடிக்க வேண்டும். எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்தால் சாஸ் கட்டியாக ஒரே இடத்தில் ஒட்டி, நூடுல்ஸ் ஒரு முடிச்சாக வரும். வடிகட்டிய தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, எட்டுக் கரண்டி அளந்து திரும்ப ஊற்றினால் தவறே வராது. பிறகு சாஸை ஊற்றி, நடுத்தரத் தீயில் முப்பது நொடி பிரட்டினால் மாவுச்சத்துத் தண்ணீரும் சாஸும் சேர்ந்து இழைமேல் படியும். எள், கடல்பாசிப் பொட்டலம் அடுப்பை அணைத்த பிறகு.

புல்டாக்கின் காரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் மிகக் காரமான மூன்று வகைகளை 2024 ஜூனில் டென்மார்க் உணவுத் துறை கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. முதல் தடவை சாஸில் பாதியை மட்டும் ஊற்றுங்கள், சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வாய் எரிந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை; பாலோ தயிரோ குடியுங்கள்.

ஜப்பானியப் பாக்கெட் என்றால்

இங்கே வரிசை தலைகீழ். சப்போரோ இச்சிபான் போன்ற பாக்கெட்டுகளில் 500 மி.லி. தண்ணீரில் நூடுல்ஸை மூன்று நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே சூப்புப் பொடியைப் போடச் சொல்வார்கள். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), சோயா சாஸ், எள் ஆகியவற்றின் மணம் கொதியில் பறந்துவிடும் என்பதுதான் காரணம். இழையும் கொரிய நூடுல்ஸைவிட மெல்லியது. அதில் நாலரை நிமிடப் பழக்கத்தைக் காட்டினால் குழைந்துவிடும். சின்ன எண்ணெய்ப் பொட்டலம் இருந்தால் கிண்ணத்தில் மாற்றிய பிறகு, சாப்பிடும் நொடியில். கிண்ணத்தை முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள்.

பொரிக்காமல் காற்றில் உலர்த்திய வகைகளும் உண்டு. எண்ணெய் மிகக் குறைவு, இழை வழுவழுப்பாக, கடையில் போட்டுத் தரும் ராமெனுக்குக் கிட்டத்தில் வரும். துளைகள் இல்லாததால் தண்ணீர் மெதுவாக ஏறும். நேரமும் ஒரு நிமிடம் போல அதிகம். இவற்றைத் தூக்கி ஆற்ற வேண்டியதில்லை, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தால் போதும்.

வாங்கும்போது, வைக்கும்போது

பொரித்த பண்டம் என்பதால் எண்ணெய் காறும். அடுப்புக்கு மேல் அலமாரியிலும் வெயில் படும் ஜன்னலோரத்திலும் வைத்த பாக்கெட், தேதி முடியுமுன்னே காறல் வாடை அடிக்கும். பிரித்ததும் நூடுல்ஸை மோந்து பாருங்கள். பழைய முறுக்கு டப்பா வாடை வந்தால் பொடி போட்டு மறைக்க முடியாது, எறிந்துவிடுங்கள். கற்பூரம், ஊதுபத்தி, சோப்புக் கட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம், அந்த மணத்தை இது இழுத்துக்கொள்ளும்.

மிஞ்சிய சாறில் சோறு

நூடுல்ஸ் தீர்ந்து சாறு அடியில் நிற்கும்போது கொரியர்கள் அதில் ஆறிய சோற்றைப் போடுகிறார்கள். சூடான சோறு போட்டால் மேல்பக்கம் குழைந்து சாறு கஞ்சியாகும். ஆறிய சோற்றின் பருக்கை இறுகியிருப்பதால் சாறைக் குடித்தும் தனித்தனியாக நிற்கும். முந்தைய இரவு ஃப்ரிட்ஜில் வைத்த பொன்னி அரிசிச் சோறு அரைக் கோப்பை போதும். உப்பைக் குறைத்துச் செய்த அன்றைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். சோற்றைப் போட்டதும் பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் ஏற்றாமல், கரண்டியின் பின்பக்கத்தால் கட்டியை மட்டும் உடைத்துவிட்டு ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடலாம்.